கம்பெனி போனா ஊரு என்ன ஆகும்? நீலகிரியை வச்சு ஒரு விளக்கம்

2011 சென்சஸ் வந்தப்போ தமிழ்நாட்டுல ஒரே ஒரு மாவட்டத்துல மட்டும் ஜனத்தொகை குறைஞ்சிருந்துச்சு, அது நீலகிரி. 2001-ல 7,62,141 பேர் இருந்த மாவட்டம் பத்து வருஷம் கழிச்சு 7,35,394 ஆயிடுச்சு. நடுவுல பிறந்த குழந்தைகளையும் கணக்குல எடுத்தா, மலையை விட்டு இறங்கிப் போனவங்க இந்த வித்தியாசத்தை விட ரொம்பவே அதிகமா இருக்கணும். அதே பத்து வருஷத்துல ஊட்டிக்கு வர்ற வண்டி கூடிட்டேதான் போச்சு, காட்டேஜும் லாட்ஜும் கூடிட்டேதான் போச்சு. டூரிஸ்ட் கூடுற ஊர்ல குடியிருக்கிறவங்க ஏன் குறையணும்? இதுக்கு பதில் தேடிப் போனா பாதி வழியில அரசாங்க கம்பெனிகளோட கதை வந்துடும், அதனாலதான் இதை கொஞ்சம் விரிவா எழுதலாம்னு உக்காந்தேன்.

பொதுத்துறை நிறுவனத்தை சீரமைக்கிறோம்னு செய்தி வர்றப்போ எல்லாம் நாம என்ன படிக்கிறோம்? கம்பெனிக்கு எத்தனை கோடி நஷ்டம், விஆர்எஸ்-க்கு, அதாவது பணம் வாங்கிட்டு தானா வேலையை விட்டு விலகுற திட்டத்துக்கு, எத்தனை கோடி ஒதுக்கீடு, அவ்வளவுதான். அது டெல்லியிலயும் சென்னையிலயும் போடுற கணக்கு. அந்த கம்பெனியை நம்பி இருந்த ஊரோட கணக்கை யாரும் தனியா போடறதில்ல. குவார்ட்டர்ஸ், ஸ்கூல், டிஸ்பென்சரி, ஷிப்ட் பஸ், ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் கடன் அடையுற மளிகைக் கடை, இதெல்லாம் கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்ல ஒண்ணு செலவா இருக்கும், இல்லைன்னா இருக்கவே இருக்காது. கம்பெனியை மூடுறப்போ இதெல்லாம் சேர்ந்துதான் மூடுது. கோயம்புத்தூர் மாதிரி ஊர்ல ஒரு மில் மூடினா பக்கத்துத் தெருவுல வேற வேலை தேடலாம், மலையில அப்படி முடியாது. கனரக வண்டி ஏறுறது கஷ்டம், நிலம் கிடைக்காது, காட்டுச் சட்டம் இருக்கு, பெரிய தனியார் தொழிற்சாலை எதுவும் லேசுல மேல ஏறி வராது. அதனால நீலகிரியில நிரந்தர வேலைன்னாலே பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த வேலைதான். அருவங்காட்டுல நூறு வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கிற வெடிமருந்து தொழிற்சாலை, குன்னூர்ல 1907-ல வந்த, தடுப்பூசி செய்ற பாஸ்டர் இன்ஸ்டிடியூட், ஊட்டி இந்துநகர்ல எச்பிஎஃப்னு எல்லாரும் சொல்ற ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், அப்புறம் கூடலூர் பந்தலூர்ல இருந்து கோத்தகிரி வரைக்கும் பரவியிருந்த அரசு தேயிலைத் தோட்டக் கழகம் டான்டீ. மலையோட பொருளாதாரம் இந்த நாலு மேலயும் சிறு தேயிலை விவசாயி மேலயும்தான் நின்னுச்சு.

எச்பிஎஃப்-ஐ முதல்ல பாக்கலாம். 1960-ல பதிவான மத்திய அரசு கம்பெனி, இங்க காமராஜர் முதலமைச்சரா இருந்த காலம். பிரான்ஸ்ல இருந்து தொழில்நுட்பம் வாங்கி 1967-ல உற்பத்தி தொடங்குச்சு. ஃபிலிம் செய்ற இடத்துக்கு தூசி ஆகாது, சூடு ஆகாது, சுத்தமான தண்ணி நிறைய வேணும், அதனால ஊட்டி. 'இந்து'ங்கிற பேர்ல கறுப்பு வெள்ளை சினிமா ஃபிலிம், ஃபோட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம்னு இந்தியா முழுக்க போச்சு. உச்சத்துல ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வேலை பார்த்த இடம், ஐயாயிரம் குடும்பம்னு வச்சுக்கிட்டா ஊட்டி மாதிரி ஒரு டவுனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு பாருங்க.

அங்க வேலை எப்படின்னு தெரிஞ்சாதான் அது போனதோட அர்த்தம் புரியும். வெள்ளி நைட்ரேட்ல இருந்து செஞ்ச உப்பை ஜெலட்டின்ல கலந்து ஒரு குழம்பு மாதிரி ஆக்கி அதை மெல்லிசான பிளாஸ்டிக் பட்டை மேல ஒரே சீரா பூசணும், காய வைக்கணும், வெட்டணும், பேக் பண்ணணும். இது எதுலயும் வெளிச்சம் படவே கூடாது. ஒண்ணு முழு இருட்டு, இல்லைன்னா மங்கலா, ஃபிலிமைக் கெடுக்காத ஒரு சேஃப்லைட். ஷிப்ட் முழுக்க இருட்டுலயே நடமாடி, எந்த மெஷின் எங்க இருக்கு, சுவிட்ச் எங்க, பக்கத்துல நிக்கிறது யாருன்னு கை பழக்கத்துலயும் குரலை வச்சும் வேலை செஞ்சவங்க அவங்க. வருஷக்கணக்கா பழகின அந்த திறமைக்கு இந்த மலையில வேற எங்கயும் வேலை கிடையாது, கீழ இறங்கினாலும் கிடையாது, நாட்டுலயே இன்னொரு அப்படி கம்பெனி இல்ல. கம்பெனி மூடினா தொழிலாளிக்கு மாற்று பயிற்சி கொடுப்போம்னு எழுதுற வரிகள் இந்த மாதிரி இடத்துல எடுபடாம போறதுக்கு காரணம் இதுதான், நாப்பத்தஞ்சு வயசுல ஃபிலிம் கோட்டிங் தெரிஞ்ச ஒருத்தரை ஆறு மாச கம்ப்யூட்டர் கோர்ஸ்ல உக்கார வச்சா அவருக்கு எந்த ஆஃபீஸ் கதவு திறக்கும்?

எச்பிஎஃப் விழுந்ததுக்கு டிஜிட்டல் கேமராதான் காரணம்னு பொதுவா சொல்றாங்க. அது கடைசியில வந்த அடி. அதுக்கு முன்னாடியே பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் பிளான்ட்டுக்காக பெரிய கடன் வாங்கினாங்க, திட்டம் இழுத்துச்சு, 1991-ல ரூபாய் மதிப்பு இறங்கினதும் வெளிநாட்டு செலவு ஏறுச்சு, அதே நேரம் இறக்குமதி வரி குறைஞ்சு வெளிநாட்டு ஃபிலிம் சல்லிசா உள்ள வந்துச்சு. வட்டிதான் கம்பெனியை தின்னுச்சு, தொழிலாளி சம்பளம் இல்ல. 1990-கள் நடுவுல நலிந்த நிறுவனம்னு பிஐஎஃப்ஆர் கிட்ட, அதாவது நலிந்த கம்பெனியை காப்பாத்தலாமா மூடலாமான்னு பாக்குற மத்திய வாரியத்துக்கிட்ட, போச்சு, 2003 ஜனவரியில மூடிடலாம்னு பிஐஎஃப்ஆர் தன் கருத்தை உறுதி பண்ணுச்சு, சங்கங்கள் சட்டப்படி போராடினாங்க, கடைசியா 2014-ல மத்திய அமைச்சரவை 181.54 கோடி ரூபாய்க்கு விஆர்எஸ் பேக்கேஜ் ஒப்புதல் கொடுத்துச்சு. அப்போ மிச்சம் இருந்தவங்க சுமார் எழுநூறு பேர்தான்.

நலிவு அறிவிப்புக்கும் பேக்கேஜுக்கும் நடுவுல ஏறத்தாழ இருபது வருஷம் ஓடிப் போச்சு பாருங்க, ஊருக்கு உண்மையான சேதம் நடந்தது அந்த இடைவெளியிலதான்னு நான் நினைக்கிறேன். மூடவும் இல்ல, நடத்தவும் இல்ல. புது ஆள் எடுக்கல, மெஷின் மாத்தல, ஆர்டர் கொஞ்சம் வந்தா கொஞ்சம் ஓடும், இல்லைன்னா ஆள் வந்து கையெழுத்து போட்டுட்டு உக்காந்திருக்கணும். உடனே மூடியிருந்தா முப்பது வயசுல இருந்தவன் வேற பொழப்பு பார்த்திருப்பான், நல்லா நடத்தியிருந்தா பென்ஷனோட வெளிய வந்திருப்பான். ரெண்டும் இல்லாம, இன்னைக்கு சரியாகும் நாளைக்கு சரியாகும்னு ஒரு தலைமுறையே அங்க வயசாச்சு. அவங்க பிள்ளைங்க இதைப் பார்த்துட்டு பன்னெண்டாவது முடிச்ச கையோட கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர்னு கிளம்பிட்டாங்க. விஆர்எஸ் பணமும் பெரும்பாலும் மலையில தங்கல, பிள்ளைங்க இருக்கிற இடத்துல வீடு, பொண்ணு கல்யாணம், கடன்னு கீழ இறங்கிப் போச்சு. அதே காலத்துலதான் தேயிலையும் அடி வாங்குச்சு, 1998-க்கு அப்புறம் பச்சை தேயிலை விலை கிலோவுக்கு ஒத்தை இலக்கத்துக்கு விழுந்து வருஷக்கணக்குல எந்திரிக்கவே இல்ல. வீட்டுல ஒருத்தருக்கு ஃபேக்டரி சம்பளம், இன்னொரு பக்கம் ஒரு ஏக்கர் தேயிலைன்னு இருந்த குடும்பத்துக்கு ரெண்டு காலும் ஒரே நேரத்துல போச்சு. சென்சஸ் நம்பர் குறைஞ்சதை எச்பிஎஃப் தலையில மட்டும் போட முடியாது, ஆனா எச்பிஎஃப் நல்லா இருந்திருந்தா தேயிலை விழுந்தப்போ ஊரு இவ்வளவு சாஞ்சிருக்காது.

டான்டீ கதை வேற மாதிரி. அதை புரிஞ்சுக்க 1964-க்கு போகணும். அந்த வருஷம் அக்டோபர்ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, இலங்கை மலையகத்துல தலைமுறை தலைமுறையா தோட்டத்துல உழைச்ச தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும், மிச்சம் இருந்த ஒண்ணரை லட்சம் பேரை 1974-ல ஆளுக்கு பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. அந்த மக்கள் கிட்ட யாரும் எதுவும் கேக்கல. கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல பதிஞ்சு, அங்கிருந்து எங்கெங்கயோ அனுப்பப்பட்டாங்க. தேயிலை வேலை தெரிஞ்ச அவங்களுக்கு வேலை கொடுக்கணும்னுதான் 1968-ல வனத்துறை மூலமா அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சு, 1975-ல அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்னு கம்பெனி ஆச்சு, நாம சொல்ற டான்டீ. சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி, தேவாலா, குன்னூர், கோத்தகிரி, அந்தப் பக்கம் வால்பாறைன்னு நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல தேயிலை. காடா கிடந்த சரிவை வெட்டி, குழி எடுத்து, நாத்து நட்டு தோட்டம் ஆக்கினது வந்திறங்கின அதே மக்கள்தான்.

ஆக டான்டீ பிறந்ததே மறுவாழ்வு திட்டமா. லாபம் பாக்குறது முதல் நோக்கம் கிடையாது. அப்புறம் வருஷங்கள் போகப் போக அதை ஒரு சாதாரண தேயிலை கம்பெனி மாதிரி நிறுத்தி வச்சு லாபமா நஷ்டமான்னு கேக்க ஆரம்பிச்சாங்க, நஷ்டம்னு பதில் வந்துச்சு. செடிக்கு வயசாயிடுச்சு, மறுநடவு சரியா நடக்கல, ஏலத்துல தூள் விலை ஏறல, நிலம் வனத்துறையோடது அதனால அதுக்கு குத்தகை பாக்கி, வேலைக்கு ஆள் குறைவு. ஆள் ஏன் குறைவுன்னு கேட்டா தொழிலாளிங்களுக்கு தோட்டத்துல வரிசையா கட்டின லைன் வீடுகளைப் போய் பாக்கணும், ஒழுகுற கூரை, ஒரு ரூம் ஒரு சமையக்கட்டு, ராத்திரி யானை வாசல்ல நிக்கும். காலையில கொழுந்து எடுக்கப் போற அம்மாவுக்கு அட்டைக் கடி, கரடி பயம், முதுகுல மூட்டை, சாயங்காலம் எடை போடுற இடத்துல நின்னு கிலோ கணக்கு. அந்த அம்மாவோட பொண்ணு நர்ஸிங்கோ திருப்பூர் கம்பெனியோ போகத்தான் பாப்பா, அதுல தப்பு சொல்ல எதுவும் இல்ல.

2022 அக்டோபர்ல அரசு ஒரு முடிவு எடுத்துச்சு, டான்டீ வச்சிருந்த 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கிறதுன்னு. கிட்டத்தட்ட பாதி தோட்டம். காரணத்தை நான் ஒரேயடியா தள்ள மாட்டேன், பராமரிக்க முடியாம புதர் மண்டிப் போன தோட்டம் யானைக்கும் மனுஷனுக்கும் ரெண்டு பேருக்கும் ஆபத்துதான், சோலைக்காடா திரும்பினா தண்ணிக்கும் நல்லது, கூடலூர் பக்கம் யானை வழி எவ்வளவு நெருக்கமா போச்சுன்னு அங்க இருக்கிறவங்களுக்கு தெரியும். ஆனா அந்த நிலத்து மேல ஆளுங்க இருக்காங்களே. லைன் வீடு கழகத்தோடது, ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். முப்பது நாப்பது வருஷம் உழைச்சு வெளிய வர்றவங்களுக்கு சொந்த ஊருன்னு ஒண்ணு இல்ல, தாத்தா காலத்துல திருச்சி புதுக்கோட்டை பக்கத்துல இருந்து கண்டிக்கு போன குடும்பம், திரும்பிப் போக அங்க யாரும் கிடையாது. ஒரு சாதாரண கம்பெனியில வேலை போனா வேலைதான் போகும், இங்க வேலையோட வீடும் போகுது, வீட்டோட விலாசமும் போகுது, ரேஷன் கார்டுல இருந்து பிள்ளையோட ஜாதி சர்டிஃபிகேட் வரைக்கும் அந்த விலாசத்துலதான் தொங்கிட்டு இருக்கு. நிலத்தை மாத்துற கோப்பு முன்னால போறதுக்கு முன்னாடியே வீட்டுக் கோப்பு முடிஞ்சிருக்கணும்ங்கிறதுதான் என்னோட கருத்து. முதல்ல நிலம், அப்புறம் பாத்துக்கலாம்னு போனா அந்த அப்புறம் வர்றதே இல்ல.

அருவங்காடு இப்போ ஓடிட்டு இருக்கிற கதை. ராணுவத்துக்கு ஆயுதமும் வெடிமருந்தும் செய்ற அரசு தொழிற்சாலைகளை நடத்தின ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டை கலைச்சு 2021 அக்டோபர் 1 முதல் ஏழு கம்பெனியா பிரிச்சாங்க, அருவங்காடு ஃபேக்டரி புனேயை தலைமையிடமா வச்ச முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் கீழ வந்துச்சு. ஏற்கனவே வேலையில இருந்தவங்க மத்திய அரசு ஊழியர்தான், கம்பெனிக்கு அயல்பணியில இருக்கிற மாதிரி கணக்கு, முதல்ல ரெண்டு வருஷத்துக்குன்னு சொல்லி அப்புறம் அதை நீட்டிக்கிட்டே வர்றாங்க. மூடல, ஆளை வெளிய அனுப்பல, ஆர்டரும் இருக்கு, அதனால இது எச்பிஎஃப் மாதிரி இல்ல. ஆனா இனிமே சேரப்போறவங்க எந்த அந்தஸ்துல சேருவாங்க, நிரந்தரமா கான்ட்ராக்டாங்கிறதுலதான் குன்னூர் வெலிங்டன் பக்கத்து வீட்டு வாடகையில இருந்து ஸ்கூல் அட்மிஷன் வரைக்கும் எல்லாம் அடங்கியிருக்கு. பாஸ்டர் இன்ஸ்டிடியூட்லயும் 2008-ல தடுப்பூசி உற்பத்தி லைசென்ஸை நிறுத்தி வச்சு, எதிர்ப்பு வந்து 2010-ல திருப்பிக் கொடுத்தாங்க, அந்த ரெண்டு வருஷம் குன்னூர் எவ்வளவு பதறுச்சுன்னு அங்க இருந்தவங்களுக்கு தெரியும்.

இந்த எல்லாத்துக்கும் பதிலா எப்பவும் சொல்றது ஒண்ணுதான், டூரிசம் இருக்கே. இருக்கு, இல்லைன்னு யார் சொன்னா? டூரிசத்தால சாப்பிடுற குடும்பம் பல்லாயிரம் இருக்கு, லோக்கல் டாக்ஸி, மேக்ஸி கேப், வர்க்கி கடை, சாக்லேட் கடை, ரூம் பாய், கைடு, குதிரைக்காரர், கேரட் விக்கிற பாட்டி. ஆனா ஃபேக்டரி சம்பளம் பன்னெண்டு மாசம் வரும், சீசன் ஏப்ரல் மே மாசம், அப்புறம் செப்டம்பர் அக்டோபர்ல செகண்ட் சீசன், நடுவுல சனி ஞாயிறு. ஜூலை ஆகஸ்ட்ல மழையும் பனியும் மூடினா ரூம் பாயை ஊருக்கு போயிட்டு வான்னு அனுப்பிடுவாங்க. பிஎஃப், ஈஎஸ்ஐ, குவார்ட்டர்ஸ், கிராஜுவிட்டி இதெல்லாம் பெரும்பாலான காட்டேஜ்ல பேச்சே கிடையாது. பெரிய ரிசார்ட்டோட லாபம் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும், மலையில நிக்கிறது கூலியும் குப்பையும். ஃபேக்டரி வேலைக்கு டூரிசம் வேலை ஈடுன்னு சொல்றவங்க தலையை மட்டும் எண்றாங்க, அந்த வேலையில என்னென்ன கூட வருதுன்னு எண்றதில்ல.

டூரிசம் நடத்துற அரசு அமைப்புகளையும் சும்மா விடல, அங்கயும் சீரமைப்புதான். மத்திய அரசோட சுற்றுலா வளர்ச்சிக் கழகமான ஐடிடிசி 2002 வாக்குல மதுரை, மாமல்லபுரம், கேரளாவுல கோவளம்னு பல ஹோட்டலை தனியாருக்கு வித்துச்சு. மாநிலத்துல 1971-ல தொடங்கின டிடிடிசி, அதாவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம், நேரா நடத்துற வேலையை குறைச்சு குத்தகை, ஃபிரான்சைஸ், தனியாரோட சேர்ந்து நடத்துறதுன்னு மெல்ல நகர்ந்துட்டு இருக்கு. நடுத்தர குடும்பம் நம்பி தங்குற தமிழ்நாடு ஹோட்டல் ரூம் ஒரு ஊர்ல இருந்தா அந்த ஊர்ல மத்த லாட்ஜ் வாடகையும் ஒரு அளவுக்கு மேல ஏறாது, இது கழகத்தோட கணக்குல எங்கயும் வராத ஒரு சேவை. அதை குத்தகைக்கு விட்டா குத்தகைத் தொகை வரவுல தெரியும், அந்த சேவை போனது யாருக்கும் தெரியாது.

ஆனா நீலகிரியில இதை விட பெரிய சிக்கல், யார் கையில என்ன இருக்குங்கிறது. ஊட்டி ஏரியை எடுத்துக்குங்க, 1820-கள்ல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் வெட்டின ஏரி. போட் ஹவுஸ் டிடிடிசி கையில, டிக்கெட் காசு அங்க போகுது. ஏரிக்குள்ள வர்ற தண்ணி கோடப்பமந்து கால்வாய் வழியா டவுனோட சாக்கடையையும் அள்ளிட்டு வருது, அந்த டவுனும் சாக்கடையும் நகராட்சி பொறுப்பு. தூர் வாரணும்னா வேற துறை. பொட்டானிக்கல் கார்டன், ரோஜா பூங்கா தோட்டக்கலைத் துறை, தொட்டபெட்டா, பைன் மரக்காடு வனத்துறை, மலை ரயில் தெற்கு ரயில்வே. ஒவ்வொருத்தரும் ஒரு கேட் போட்டு ஒரு டிக்கெட் கவுண்டர் வச்சிருக்காங்க, ஒவ்வொருத்தர் வரவும் அவங்கவங்க தலைமையிடத்துக்கு. மே மாசம் லட்சக்கணக்குல வர்ற ஜனத்துக்கு தண்ணி கொடுக்கிறதும் கக்கூஸ் கட்டுறதும் குப்பை அள்ளுறதும் டிராஃபிக்ல முழிக்கிறதும் நகராட்சி, பேரூராட்சி, லோக்கல் போலீஸ். வருமானம் வர்ற அமைப்பும் சுமை தூக்குற அமைப்பும் வேற வேறயா இருக்கிறப்போ, டிடிடிசியை மட்டும் சீரமைச்சு அதோட லாபத்தை ஏத்தினா ஊருக்கு அதுல ஒரு லாபமும் இல்ல, இன்னும் பத்து போட், இன்னும் ரெண்டு ஜிப் லைன், இன்னும் கூட்டம், அதே சாக்கடை. ரயில்லயும் இதே கதைதான், 1899-ல குன்னூருக்கும் 1908-ல ஊட்டிக்கும் வந்த ரயில், 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு, 2018-ல டிக்கெட் விலையை ஏத்தினாங்க, அதுக்கப்புறம் குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு சும்மா வேலைக்கு போயிட்டு வர்ற லோக்கல் ஆளுக்கு அது அவரோட வண்டி மாதிரி தெரியறதில்ல.

கூட்டம் கட்டுக்கு மீறினதும் கோர்ட்டே உள்ள வந்துச்சு. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு உச்சவரம்பும் வந்துச்சு. மலை எவ்வளவு தாங்கும்னு ஐஐடி, ஐஐஎம் கிட்ட ஆய்வுக்கு கொடுத்தாங்க. வியாபாரிங்க கடையடைப்பு பண்ணாங்க, எங்க பொழப்பு போகும்னு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. மலையால இத்தனை வண்டியை தாங்க முடியாதுங்கிறது கண்ணுக்கு முன்னால தெரியுற உண்மை. அதே நேரம் ஃபேக்டரி போச்சு, தேயிலை விலை இல்ல, மிச்சம் இருக்கிறது டூரிசம்தான்னு அதுல எல்லாத்தையும் போட்ட ஒரு கடைக்காரருக்கு அதையும் எண்ணித்தான் விடுவோம்னு சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? ஒரே தொழில்ல ஊரையே நிறுத்தினதோட விளைவு இது. அந்த கடைக்காரரோட அப்பா எச்பிஎஃப்-ல இருந்திருந்தா, வண்டி குறைஞ்சதுக்கு அவர் ரோட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

கடைசியில எல்லாம் வந்து நிக்கிறது நிலத்துலதான். மலையில கம்பெனி நஷ்டத்துல போகும், நிலம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும். அதனால ஒரு பொதுத்துறை அமைப்பு படுத்துடுச்சுன்னா அடுத்த நாளே அந்த இடத்துல என்ன வரலாம்னு பேச்சு கிளம்பிடும். 2024 ஜூலையில ஊட்டி ரேஸ் கோர்ஸ் 52 ஏக்கர் சொச்சத்தை, 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கின்னு சொல்லி அரசு திரும்ப எடுத்துச்சு, தோட்டக்கலைத் துறை மூலமா சூழல் பூங்கா கொண்டு வர்றதா அறிவிப்பு. டவுனுக்கு நட்ட நடுவுல அவ்வளவு பெரிய பொது நிலம் திரும்பக் கிடைச்சது நல்ல விஷயம்தான். ஆனா ஊட்டியில ஏற்கனவே பூங்காவுக்கு குறைவில்ல. மழைத் தண்ணி தேங்கி நிக்கிற சதுப்பு மாதிரி அதுல ஒரு பகுதியை அப்படியே விடணும்னு கேக்குறவங்க இருக்காங்க, அதுல எனக்கு உடன்பாடு உண்டு. இன்னொரு டிக்கெட் கவுண்டர் திறந்தா அதோட வரவும் மத்ததைப் போலவே மலையை விட்டு இறங்கிடும்.

நிலத்தை வேற மாதிரியும் பயன்படுத்தலாம்ங்கிறதுக்கு இந்துநகர் பக்கத்துலயே சாட்சி இருக்கு. எச்பிஎஃப்-ஐ ஒட்டின இடத்துல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு, 2022 ஜனவரியில திறந்தாங்க, 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட ஆஸ்பத்திரியும் திறந்தாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ஹார்ட் அட்டாக், ஒரு தலைக்காயம், சிக்கலான பிரசவம்னா ஆம்புலன்ஸ்ல கோயம்புத்தூர் இறங்கணும், கொண்டை ஊசி வளைவுல உயிரை கையில புடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு மணி நேரம். கூடலூர் பந்தலூர்க்காரங்க இன்னும் கேரளா பக்கம்தான் ஓடுறாங்க, அவங்களுக்கு ஊட்டியே தூரம்தான், அது தனிப் பிரச்சினை. இருந்தாலும் மூடிக் கிடந்த ஒரு பொதுத்துறை நிலத்து பக்கத்துல பன்னெண்டு மாசமும் நடக்குற, நர்ஸும் லேப் டெக்னீஷியனும் டிரைவரும் கேண்டீன்காரரும் வேணும்னு கேக்குற ஒரு இடம் வந்திருக்கு, எச்பிஎஃப் போனதுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துக்கு வந்த முதல் நிலையான விஷயம்னு இதைத்தான் சொல்லுவேன்.

அதனால நான் கேக்குறது பெரிய தத்துவம் இல்ல, சில வேலைகள்தான். அந்த ஆஸ்பத்திரியில துப்புரவு, செக்யூரிட்டி, கேண்டீன் வேலையை கான்ட்ராக்ட்ல விட்டா உள்ளூர் ஆளுக்கும் பிஎஃப்-க்கும் டெண்டர்லயே வரி எழுதுங்க. எச்பிஎஃப்-ல மிச்சம் இருக்கிற கட்டடத்தையும் நிலத்தையும் யாருக்கு கொடுக்கிறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ஊட்டியில வெளிப்படையா ஒரு கருத்துக் கேட்பு வைங்க, அதுல பழைய தொழிலாளிங்களும் பேசட்டும். போட் ஹவுஸ், கார்டன், தொட்டபெட்டா டிக்கெட்ல ஒரு பங்கு நேரா நகராட்சிக்கும் அந்தந்த பஞ்சாயத்துக்கும் வரட்டும், கோடப்பமந்து கால்வாயை அந்த காசுல சுத்தம் பண்ணட்டும். டான்டீயில ரிட்டயர் ஆனவங்களுக்கு வீடோ பட்டாவோ கையில கொடுத்த பிறகு மிச்ச ஹெக்டேரைப் பத்தி பேசுங்க. இதுல எதுக்கும் புதுசா ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பிக்க வேண்டியதில்ல, ஏற்கனவே இருக்கிற துறைகளோட அரசாணையில நாலு வரி சேர்த்தா போதும்.